பிஜிவி (பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்) ஃபார்ம்ல "தண்டனை பெற்றதுண்டா" னு ஒரு கட்டம் இருக்குதுங்க, என்ன போடறது?

பேரேடு41 | திங்கள் இரவு 11:12

வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு சத்தமில்லாம போறவன், இன்னைக்குத்தான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

திருப்பூர் பக்கம், வயசு 41. பி.காம், சிஏ இன்டர் ஒரு குரூப்போட நின்னு போச்சு. 2006 லிருந்து பனியன் கம்பெனி கணக்குதான், கடைசியா ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்ல அக்கவுண்ட்ஸ் மேனேஜர். 2015 ல நான் பண்ணினது தப்பு, அதை மொதல்லயே சொல்லிடறேன், யாரும் மாட்டி விடல, பொய்க் கேசும் இல்ல. கமாடிட்டி மார்க்கெட்ல குரூடு ஆயில் ஆடி இருந்த காசு போச்சு, அப்புறம் கடன் வாங்கி ஆடினேன், அப்புறமேட்டுக்கு கம்பெனி காசு. இல்லாத ஆளுங்க பேர்ல காஜா பட்டன், செக்கிங்னு, பீஸுக்கு இவ்ளோன்னு கூலி குடுக்கற பீஸ் ரேட் வவுச்சர் போட்டு சனிக்கிழமை சம்பளத்தோட சேர்த்து எடுத்துட்டு இருந்தேன். எட்டு மாசத்துல 6 லட்சத்து 40 ஆயிரம். அடுத்த மாசம் திருப்பி வெச்சரலாம்னு நெனச்சுட்டேதான் எடுத்தது, எடுக்கறவன் எல்லாருமே அப்படித்தான் நெனப்பான் போல.

ஐபிசி 408, அதாவது வேலை பார்த்த இடத்துல நம்பிக்கை மோசடி, கூட 477ஏ, பொய்க் கணக்கு எழுதினது. அப்பா பேர்ல இருந்த 60 சென்ட் காட்டை வித்து முழுப் பணமும் கட்டிட்டோம், ஆனாலும் கேஸை நிறுத்த முடியல. 2021 மார்ச்ல ரெண்டு வருஷம்னு தீர்ப்பு, அப்பீல் தள்ளுபடி, 2023 ஜனவரில சரண்டர். முன்னாடி ரிமாண்டுல இருந்த 22 நாளையும், ஜெயில்ல குறைச்ச ரெமிஷன் நாளையும் கழிச்சு 2024 ஆகஸ்ட்ல கோவை சென்ட்ரல்ல இருந்து வெளிய வந்தேன். நான் உள்ள போறப்ப ஐபிசி, வரப்ப அதுக்குப் பதிலா பிஎன்எஸ் வந்து ஒரு மாசம் ஆகியிருந்துச்சு. என்னை உள்ள போட்ட சட்டமே ரிட்டயர் ஆயிடுச்சுங்க. சித்தப்பா ஒருத்தர் ஆறுதல் சொல்றேன்னு "வ.உ.சி இருந்த ஜெயில்டா அது" ன்னாரு. அவரு இழுத்தது செக்கு, நான் இழுத்தது வவுச்சரு, என்னத்த சொல்ல.

வந்ததுல இருந்து சொந்தக்காரர் ஒருத்தரோட கட்டிங் யூனிட்ல டேலில கணக்கு போட்டுக் குடுக்கறேன், மாசம் 14 ஆயிரம். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியுங்கறதாலதான் 14 ஆயிரம்.

இப்ப கரூர்ல ஒரு ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனி. ரெண்டு ரவுண்டு இன்டர்வியூ ஆச்சு, ரெண்டாவதுல எம்டியே பேசினாரு. நான் உள்ள இருந்தப்ப வந்த 45 நாள் ரூல், அதாங்க சின்ன சப்ளையருக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணுங்கற வருமான வரி 43பி(எச்), அதுல அவங்க சப்ளையர் லிஸ்ட்டை எப்படிப் பிரிக்கறதுன்னு கேட்டாரு, சொன்னேன். 2025 செப்டம்பர் 22 ல ஜிஎஸ்டி ரேட் மாறினப்ப பழைய ஸ்டாக்குக்கு பில் எப்படிப் போட்டீங்கன்னு கேட்டாரு, அதுவும் சொன்னேன். ரொம்ப நாள் கழிச்சு யாரோ என்னை வேலை தெரிஞ்ச ஆளா பார்த்த மாதிரி இருந்துச்சுங்க. 38 ஆயிரம் ஆஃபர். கூடவே பிஜிவி ஃபார்ம் மெயில்ல வந்துருக்கு. அதுல "ஏதேனும் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டதுண்டா, ஆம் / இல்லை". ரெஸ்யூம்ல அந்த ரெண்டு வருஷத்துக்கு "சொந்தத் தொழில்" னு போட்டு வெச்சுருக்கேன், அது வேற.

மச்சான் "இல்லைன்னு போடுங்க, எவன் பார்க்கறான்" ங்கறாரு. வீட்ல ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா, அதுதான் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்.

பஸ்ஸ்டாண்டு_பரோட்டா | திங்கள் இரவு 11:31

இல்லைன்னு போடு தல. நம்மூர்ல எவன் செக் பண்றான், எங்க மேனேஜரோட டிகிரியே டூப்பு.

ஹெச்ஆர்_அக்கா | செவ்வாய் காலை 7:05

பரோட்டா, உங்க மேனேஜர் எந்த வருஷம் சேர்ந்தார்னு கேளுங்க. இப்ப அப்படி இல்ல. நான் ஒரு வெரிஃபிகேஷன் வெண்டர் கிட்ட ஆறு வருஷம் இருந்துட்டு இப்ப கம்பெனி பக்கம் இருக்கேன், உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

போலீஸ் வெரிஃபிகேஷன்லாம் கம்பெனி காசு கட்டி தனியா கேட்டாத்தான். சாதாரணமா நடக்கறது கோர்ட் ரெக்கார்ட் செக். உங்க பேரு, அப்பா பேரு, இருந்த அட்ரஸ், இதை வெச்சு இ-கோர்ட்ஸ் டேட்டாவுல தேடுவாங்க. பேரு முருகன், அப்பா பேரு சுப்பிரமணின்னா நூறு பேர் வருவான், அதுல தப்பிச்சவங்களும் உண்டு, எவனோ பண்ணினதுக்கு மாட்டினவங்களும் உண்டு. ஆனா பேரேடு அண்ணா, உங்க விஷயத்துல அதெல்லாம் ரெண்டாவது. முதல் போன் பழைய கம்பெனிக்குத்தான் போகும். பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரில அந்தக் கம்பெனி பேரும் நீங்க வெளிய வந்த தேதியும் இருக்கும், யுஏஎன்ங்கற பிஎஃப் அடையாள நம்பரைக் குடுத்தா அது தானா வந்துரும், அவங்க எடுத்து "அந்த ஆளா?" ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

அதனால இல்லைன்னு போடாதீங்க. அதை விட "சொந்தத் தொழில்" தான் எனக்கு இடிக்குது. அது இப்பவே ஒரு பொய், இன்னொண்ணை மேல அடுக்காதீங்க.

ஒண்ணு சொல்றேன், வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த ஃபார்மை ஹெச்ஆருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எம்டி கிட்ட பேசுங்க. எனக்கு "ஆம்" னு ஒரு ஃபார்ம் வந்தா நான் பாலிசியை எடுத்துப் பார்ப்பேன், பாலிசில கூடாதுன்னு இருந்தா ரிஜெக்ட், அவ்ளோதான், என் வேலை அதுதான், எனக்கு நீங்க யாருன்னு தெரியாது. பாலிசியைத் தாண்டி முடிவு எடுக்கற அதிகாரம் அவருக்குத்தான் இருக்கு, உங்ககிட்ட உக்காந்து பேசினவரும் அவருதான்.

கதவு_எண்_இல்லை | செவ்வாய் காலை 9:40

அக்கா சொல்றது 100% சரி. என் கதையைக் கேளுங்க. சிவில் இன்ஜினியர். 2014 ல சைட்ல இருந்து பைக்ல வரும்போது ராத்திரி ஒரு பெரியவர் குறுக்க வந்தார், இறந்துட்டார். 304ஏ, கவனக்குறைவால மரணம். கோர்ட்ல ஒத்துக்கிட்டேன், அபராதம் கட்டினேன், ஜெயில் இல்ல. இதெல்லாம் ஒரு தண்டனையான்னு எல்லாரும் சொன்னதுல நானும் மறந்துட்டேன், மறந்துட்டேன்னு சொல்றது பொய், மறக்கல, ஆனா ஃபார்ம்ல எழுதற அளவுக்கு இல்லன்னு முடிவு பண்ணிக்கிட்டேன்.

ஒரு பெரிய கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனில சேர்ந்தேன், "இல்லை" னு டிக். ரெண்டு வருஷம் நல்லா போச்சு, புரமோஷன் கூட. அப்புறம் ஒரு ஃபாரின் கிளையன்ட் புராஜெக்ட்டுக்காக எல்லாரையும் மறுபடி வெரிஃபை பண்ணாங்க. வந்துருச்சு. காலைல 11 மணிக்குக் கூப்பிட்டாங்க, மத்தியானம் ஐடி கார்டு வாங்கிட்டாங்க. அந்த ஹெச்ஆர் ஹெட் லிஃப்ட் வரைக்கும் கூட வந்து "தம்பி, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நோட் போட்டு எடுத்திருப்போம்யா, ஆக்சிடென்ட் கேஸ்தான, இப்ப நான் என்ன பண்ணட்டும்" னாரு. லெட்டர்ல 304ஏ ங்கற வார்த்தையே இல்ல, "தகவலை மறைத்தது" தான் காரணம். அந்த லெட்டரை வெச்சுக்கிட்டு அடுத்த கம்பெனிக்குப் போறது கேசை விடக் கஷ்டம். இப்ப ஓசூர்ல வீட்டுக்கே டிராயிங் வாங்கி பண்ணிட்டு இருக்கேன்.

நேர்மை_ஒன்றே | செவ்வாய் காலை 10:15

படிச்சுட்டு நேர்மையா இருக்கற பசங்க லட்சக்கணக்குல வேலை இல்லாம சுத்துறாங்க. கம்பெனி காசைத் திருடினவனுக்கு மறுபடியும் கம்பெனி கணக்கா. கேக்கறதுக்கே வெக்கமா இல்லையா. இதுக்கு மூணு பேர் ஐடியா வேற.

காக்கி_கனவு | செவ்வாய் மதியம் 1:20

நான் தண்டனையே வாங்கல, விடுதலை ஆனவன், என் கதியைக் கேளுங்க. ஊர்ல திருவிழாவுல ரெண்டு தெரு அடிதடி, 14 பேர் மேல கேஸ், அதுல நானும். சாட்சி எல்லாம் பிறழ்ந்து விடுதலை. போலீஸ் செலக்‌ஷன்ல எழுத்து, பிசிகல் எல்லாம் பாஸ், ஃபார்ம்ல கேஸையும் மறைக்காம எழுதினேன், "சந்தேகத்தின் பலன்ல விடுதலை, அதனால தகுதி இல்ல" ன்னு வந்துச்சு. உண்மையைச் சொன்னா வேலை கிடைக்கும்னு இங்க எல்லாரும் சொல்றீங்க. எனக்குக் கிடைக்கலையே.

கறுப்பு_கோட்டு | செவ்வாய் இரவு 9:50

அண்ணேமாரே, மூணு வேற வேற விஷயத்தை ஒரே சட்டியில போட்டுக் கிண்டுறீங்க, கொஞ்சம் பிரிச்சுக்குவோம். நான் மதுரை பெஞ்ச்ல பிராக்டிஸ், கிரிமினலும் சர்வீஸ் மேட்டரும்.

காக்கி தம்பி, உங்களது நம்ம ஸ்டேட் போலீஸ் ரூல். 2003 ல திருத்தம் பண்ணி, சந்தேகத்தின் பலன்ல விடுதலை ஆனாலும் சரி, புகார் குடுத்தவன் பிறழ்ந்து விடுதலை ஆனாலும் சரி, கேஸ்ல சம்பந்தப்பட்டவனாவே கருதுவோம்னு எழுதி வெச்சுட்டாக. கௌரவமான விடுதலைன்னு ஒண்ணு கேப்பாக. வேடிக்கை என்னன்னா அந்த வார்த்தை குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயே கிடையாது, சுப்ரீம் கோர்ட்டே 2012 ல சமுத்திரம் கேஸ்ல சொல்லியிருக்கு, அது நம்ம ஊரு போலீஸ்காரர் கேஸ்தான். ஆனா சொல்லிட்டு அவருக்கு எதிராத்தான் தீர்ப்பு குடுத்தாக. உங்க தீர்ப்பு நகலை எடுத்து, உங்க மேல ஆதாரமே இல்லைன்னு எந்தப் பாராவுலயாவது இருக்கான்னு பாருங்க, இருந்தா ஒரு வக்கீலைப் பாருங்க.

மறைக்கறதைப் பத்தி. அவதார் சிங் கேஸ், 2016, மூணு நீதிபதி. அரசு வேலைக்கான தீர்ப்புதான், ஆனாலும் எல்லாரும் அதைத்தான் அளவுகோலா வெச்சுப் பேசுவாக. ஃபார்ம்ல தெளிவாக் கேட்டதுக்கு உண்மையச் சொல்லணும், கேக்காததை நீங்களா சொல்லலைன்னு தண்டிக்கக் கூடாது, உண்மையச் சொன்னாலும் எடுத்துத்தான் ஆகணும்னு முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது, சின்ன விஷயத்தை மறைச்சிருந்தா மன்னிக்கலாம். 2024 பிப்ரவரில ரவீந்திர குமார் கேஸ்ல உ.பி. கான்ஸ்டபிள் ஒருத்தர் விடுதலை ஆன பழைய கேஸை எழுதாம விட்டதுக்கு வேலை போய், கடைசில திரும்பக் கிடைச்சுச்சு. அதைப் பார்த்துட்டு எல்லாரும் மறைக்கலாம்னு கிளம்பிராதீக, அவரு அதுக்கு எத்தனை வருஷம் கோர்ட்டு ஏறி இறங்குனாருங்கறதும் அதே தீர்ப்புலதான் இருக்கு.

பேரேடு அண்ணே, இப்ப உங்களது. பிரைவேட் கம்பெனி உங்கள எடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. அது உங்களுக்கும் முதலாளிக்கும் உள்ள விஷயம். பேங்க் மட்டும் மறந்துருங்க, பேங்கிங் ரெகுலேஷன் சட்டம் 10 வது பிரிவு, ஒழுக்கக்கேடான குற்றத்துல தண்டனை வாங்கினவுகள பேங்க் வேலைக்கு வெக்கவே கூடாது, 408 அதுல கண்டிப்பா வரும். பிரைவேட் லிமிடெட் ஆரம்பிச்சு டைரக்டர் ஆகலாம்னா, ஆறு மாசத்துக்குக் குறையாத தண்டனைன்னா தண்டனை முடிஞ்சு அஞ்சு வருஷம் ஓடணும். சொந்தப் பேர்ல புரொப்ரைட்டர் கடைன்னா யாரும் கேக்கப் போறதில்ல. பாஸ்போர்ட்டுக்கும் அஞ்சு வருஷக் கணக்கு ஒண்ணு இருக்கு, ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனைன்னா. துபாய்ல எவனாவது கூப்பிட்டா அவசரப்பட்டு சரின்னு சொல்லிராதீக.

மனசுக்குக் கஷ்டமா இருக்கறது ஒண்ணு. பணம் முழுசா கட்டினேன்னு சொல்றீகள்ல, 408 அ கோர்ட் அனுமதியோட சமரசம் பண்ணிக்கலாம். 477ஏ, பொய்க் கணக்கு எழுதுனது, அது சமரசம் ஆகாத பிரிவு. அதனாலதான் பணம் கட்டியும் கேஸ் முடியாம ஓடியிருக்கு. கம்பெனிக்காரர் சம்மதிச்சிருந்தா பணம் கட்டின கையோட ஹைகோர்ட்ல 482 வது பிரிவுல மனு போட்டு கேஸை ரத்து கேட்டிருக்கலாம், 2012 கியான் சிங் தீர்ப்புக்கு அப்புறம் அதுக்கு வழி இருந்துச்சு. நன்னடத்தைச் சட்டம் 1958 ல 4 வது பிரிவுல விடுதலை கேட்டாகளா உங்க வக்கீல்? அது கிடைச்சிருந்தா 12 வது பிரிவு, தண்டனையால வர்ற தகுதியிழப்பு ஒட்டாது. வக்கீல் ஆகறதுக்குக் கூட அந்தச் சலுகை உண்டு, அட்வகேட்ஸ் ஆக்ட் 24ஏ. முடிஞ்ச கதை, ஆனா இதைப் படிக்கற வேற யாருக்காவது கேஸ் நடந்துட்டு இருந்தா, வக்கீல் கிட்ட இதை வாயைத் திறந்து கேளுங்க.

ரெக்கார்டை அழிக்க முடியுமான்னு அடுத்து கேப்பீக. 18 வயசுக்குக் கீழன்னா ஜுவனைல் ஜஸ்டிஸ் சட்டத்துல உண்டு. பெரியவுகளுக்கு நம்ம நாட்டுல கிடையாது.

பேரேடு41 | செவ்வாய் இரவு 10:30

சார், நன்றிங்க. 4 வது பிரிவு கேட்டாருங்க எங்க வக்கீல். நம்பி விட்ட இடத்துல பண்ணினது, அதுக்கு இரக்கம் காட்டினா தப்பாப் போயிரும்னு மாஜிஸ்ட்ரேட் சொல்லிட்டாரு. அவரு சொன்னது தப்புன்னு எனக்கு அன்னைக்கும் தோணல.

நேர்மை அவங்களுக்கு: வெக்கமா இருக்குதுங்க. அதனாலதான் பேர் போடாம எழுதறேன்.

சும்மா_படிக்க_வந்தவ | புதன் காலை 5:50

நேர்மை ஒன்றே அவர்களுக்கு ஒண்ணு கேக்கணும்னு ராத்திரி பூரா தூக்கம் வரல, அதான் இப்ப எழுதறேன். என் வீட்டுக்காரரும் உள்ள போயிட்டு வந்தவர்தான், லேப் டெக்னீஷியனா இருந்தார், என்ன கேஸுன்னு எழுத மாட்டேன். அவர் உள்ள இருந்தப்ப பாப்பா ஸ்கூல்ல "தந்தையின் தொழில்" னு ஒரு கட்டம். மூணு வருஷம் "கூலி" ன்னு எழுதினேன். உள்ளயும் கூலி வேலைதானே, பொய் இல்லேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஜெயில்ல மனு போட்டு அவரைப் பார்க்கப் போற அன்னைக்கெல்லாம் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு லீவு லெட்டர். டீச்சர் ஒரு நாள் "இந்தப் புள்ளைக்கு ஏன் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காய்ச்சல் வருது, நல்ல டாக்டரா பாருங்க" ன்னாங்க.

வந்ததுக்கு அப்புறம் எந்த லேப்லயும் சேர்க்கல. இப்ப வாட்டர் கேன் போடறார். நரம்பு பார்த்து ஒரே குத்துல ரத்தம் எடுக்கற கை அது, குழந்தைங்க கூட அழாது.

கோர்ட்டு எத்தனை வருஷம்னு சொல்லிருச்சு, இருந்துட்டு வந்தாச்சு. நீங்க எத்தனை வருஷம்னு மட்டும் சொல்லிருங்க, நாங்க காலண்டர்ல கிழிச்சுக்கறோம்.

பேரேடு அண்ணா, உங்க வீட்ல ஒண்ணும் சொல்லாம இருக்காங்கன்னா கோவம்னு நினைக்காதீங்க. எதைச் சொன்னாலும் நாளைக்கு "நீதான சொன்னே" ன்னு ஆயிருமோங்கற பயம். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.

ஓவர்லாக்_ஓனர் | புதன் காலை 11:00

தங்கச்சி எழுதினதைப் படிச்சுட்டுச் சொல்றதுக்கு சங்கடமாத்தான் இருக்கு, ஆனா முதலாளி பக்கமும் ஒருத்தர் சொல்லணும்ல. நானும் திருப்பூருதான், 40 மெஷின் போட்டுருக்கேன். என்கிட்ட கணக்குப் பார்த்த பையன் 11 லட்சம் எடுத்தான். அவன் புள்ளைக்கு காது குத்துக்கு நான்தான் மாமன் சீர் மாதிரி கம்மல் எடுத்துக் குடுத்தது. காசு போனது கூட விடுங்க, நூல் விலை ஏறினா ஒரு மாசத்துல அதை விட ஜாஸ்தி போகுது. அதுக்கப்புறம் மூணு வருஷம் யாரு வவுச்சர் நீட்டினாலும் அவன் மூஞ்சியைப் பார்ப்பேன், அது என்னைய என்ன ஆக்குச்சுங்கறது என் சம்சாரத்துக்குத்தான் தெரியும்.

பேரேடு, உங்கள மாதிரி ஒருத்தர் வந்து என்கிட்ட நேரா சொன்னா? கணக்குல வெக்க மாட்டேன், பொய் சொல்ல விரும்பல. ஆனா உக்காரச் சொல்லி டீ சொல்லுவேன். என்னை ஏமாத்தினவன் இன்னைக்கு வரைக்கும் வந்து ஒரு வார்த்தை சொல்லல.

இன்னொண்ணு, இதை நானே ஒத்துக்கறேன். என்ட்ரி போடறவன், பாஸ் பண்றவன், காசு எண்ணிக் குடுக்கறவன் மூணு பேரும் ஒரே ஆளா இருந்தது என் தப்பு. சம்பளம் மிச்சம்னு நெனச்சேன். இப்ப பீஸ் ரேட்டு கூட ஆதார் பார்த்து பேங்க்லதான் போடறேன்.

தேக்கா_டீ | புதன் மாலை 4:25

சிங்கப்பூர்ல இருந்து எழுதறேன். இங்க சின்ன தண்டனைக்கு ஒரு கணக்கு இருக்கு. மூணு மாசத்துக்கு மேல போகாத ஜெயில், இல்ல 2000 வெள்ளிக்கு மேல போகாத அபராதம்னா, அஞ்சு வருஷம் வேற குத்தம் ஒண்ணும் பண்ணாம இருந்தா அந்த ரெக்கார்டு காலாவதி ஆயிரும், அப்புறம் யாராவது கேட்டா "இல்ல" ன்னு சட்டப்படியே சொல்லலாம். சில குத்தங்களுக்குக் கிடையாது. பெரிய தண்டனைக்கு இந்தச் சலுகை இல்ல, பேரேடு அண்ணன் இங்க இருந்திருந்தாலும் இதுல வந்திருக்க மாட்டார். 2004 லிருந்து மஞ்சள் ரிப்பன்னு ஒரு இயக்கமே நடக்குது, வெளிய வர்றதுக்கு முன்னாடியே முதலாளிங்க உள்ள வந்து இன்டர்வியூ எடுப்பாங்க. என் சித்தப்பா பையன் அப்படித்தான் ஒரு கிச்சன்ல சேர்ந்தான். நம்ம ஊர்ல ஜெயில் பெட்ரோல் பங்க் பார்த்திருக்கேன், உள்ள இருக்கும்போது வேலை குடுக்கறாங்க, வெளிய வந்ததும்?

பஸ்ஸ்டாண்டு_பரோட்டா | புதன் மாலை 4:40

வெளிய வந்ததும் நான் தான் "இல்லைன்னு போடு" ன்னு ஐடியா குடுப்பேன். சாரி தல, என் கமெண்ட்டை வாபஸ் வாங்கிக்கறேன்.

இருபதாம்தேதி | புதன் இரவு 12:10

ஆடிட்டர். ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் பைலிங் முடிஞ்சு இப்பதான் மூச்சு விடறேன், லேட்டுக்கு மன்னிக்கணும்.

பேரேடு சார், உங்க லைனுக்குள்ளயே எது திறந்திருக்கு எது பூட்டியிருக்குன்னு யாரும் சொல்லலை. சிஏ முடிக்கற ஆசை இன்னும் இருந்தா, 1949 சிஏ சட்டம் 8 வது பிரிவுப்படி இந்த மாதிரி தண்டனை இருந்தா மெம்பர் ரெஜிஸ்டர்ல பேர் ஏறாது, மத்திய அரசு கிட்ட மனு போட்டு அந்தத் தடையை எடுக்கச் சொல்லிக் கேக்கலாம். ஜிஎஸ்டி பிராக்டிஷனரா பதிவு பண்ணலாம்னு நிறைய பேர் ஐடியா குடுப்பாங்க, பி.காம் போதுமே, பரிட்சை எழுதிக்கலாமேன்னு. ரூல் 83 ல தண்டனை பெற்றவரா இருக்கக் கூடாதுன்னு இருக்கு, விண்ணப்பம் போட்டு காசையும் நேரத்தையும் வீணாக்காதீங்க, அங்கயும் பொய் சொல்லி வெக்காதீங்க.

ஆனா புக்ஸ் எழுதறதுக்கு லைசன்ஸ் வேணாம் சார். டேலி, பேங்க் ரெக்கன்சிலியேஷன், ஜிஎஸ்டி 2பி யோட பர்ச்சேஸ் பில்லை மேட்ச் பண்றது, ஸ்டாக் எடுக்கறது, சின்ன கம்பெனி (எம்எஸ்எம்இ) சப்ளையர் பாக்கி எத்தனை நாள்னு பார்க்கற ஏஜிங், இதுக்கெல்லாம் யாரும் சர்டிஃபிகேட் கேக்கறதில்ல. ரிட்டர்ன் பார்ட்டியோட ஓடிபில அவங்களே போட்டுக்கலாம். பேங்க் லாகின், செக் சைன், கேஷ் இந்த மூணும் உங்க கையில இல்லாத மாதிரி ஒரு வேலையை நீங்களே வரைஞ்சு கொண்டு போய்க் குடுங்க. "என்னை நம்புங்க" ன்னு ஒரு முதலாளி கிட்ட போய் நின்னா அவருக்குக் கஷ்டம். "என்னை நம்பத் தேவையில்லாத மாதிரி இப்படி வெச்சுக்கலாம்" னு ஒரு பேப்பரை நீட்டினா அவரு யோசிக்கறதுக்கு ஏதாவது இருக்கும்.

2026 ஏப்ரல் 1 லிருந்து புது வருமான வரிச் சட்டம், செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறுது. 20 வருஷ சீனியரும் நேத்து வந்த பையனும் ஒரே பெஞ்ச்ல உக்காந்து முதல்ல இருந்து படிக்கணும். உங்களுக்கு விட்டுப்போன வருஷம்னு ஒண்ணு இருந்தா, அது அன்னைக்கோட சரியாயிரும்.

கதவு_எண்_இல்லை | வியாழன் காலை 8:15

கூகுள்ல பேரைப் போட்டா தீர்ப்பு வருதே, அதை எடுக்க முடியுமா வக்கீல் சார்? எனக்கு வருது.

கறுப்பு_கோட்டு | வியாழன் காலை 9:00

இப்போதைக்குக் கஷ்டம். விடுதலை ஆன ஒருத்தர் தன் பேரைத் தீர்ப்புல இருந்து மறைக்கணும்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனார், 2021 ல தனி நீதிபதி முடியாதுன்னாரு, 2024 பிப்ரவரில ரெண்டு நீதிபதி பெஞ்ச் மறைக்கச் சொல்லிட்டாக, அந்த ஜூலைலயே சுப்ரீம் கோர்ட் அதுக்குத் தடை போட்டுருச்சு. விடுதலை ஆனவருக்கே இந்த இழுபறி. தண்டனை வாங்கினவுக கேக்கறது இன்னும் தூரம்.

பேரேடு41 | அடுத்த வாரம், ஞாயிறு இரவு 9:20

எல்லாருக்கும் நன்றிங்க. என்ன ஆச்சுன்னு சொல்லாம போனா நல்லா இருக்காது.

வியாழக்கிழமை மத்தியானம் எம்டிக்குப் போன் போட்டேன். ஹலோன்னு சொன்னதுமே தொண்டை அடைச்சுக்கிச்சு, அதனால எழுதி வெச்சுருந்ததைப் படிச்சேன். நாலே வரி. இன்ன வருஷம், இன்ன பிரிவு, இவ்வளவு பணம், கட்டியாச்சு, இருந்துட்டு வந்தாச்சு, ரெஸ்யூம்ல சொந்தத் தொழில்னு போட்டது பொய். அவரு ரொம்ப நேரம் பேசல. லைன் கட்டாயிருச்சோன்னு போனை எடுத்துப் பார்த்தேன். அப்புறம் "ஃபார்ம்ல என்ன போட்டுருக்கீங்க?" ன்னாரு. இன்னும் அனுப்பலைங்க சார், உங்ககிட்ட சொல்லிட்டு ஆம்னு போடலாம்னு இருக்கேன்னேன். "அனுப்பிருங்க" ன்னு வெச்சுட்டாரு.

அனுப்பினேன். சனிக்கிழமை ஹெச்ஆர்ல இருந்து மெயில், அந்த இடத்துக்கு வேற ஆள் எடுத்துட்டோம்னு. ரெண்டே வரி. அக்கா சொன்ன பாலிசிதான்னு புரிஞ்சுது. மச்சான் பார்த்துட்டு "நான் சொன்னேன்ல" ன்னாரு. வீட்ல அதைக் கேட்டுட்டு அவரை ஒரு முறை முறைச்சா பாருங்க, வந்ததுல இருந்து இந்த விஷயத்துல அவ காட்டின மொத கோவம் அதுதான். எனக்கு அப்பதான் சோறு இறங்குச்சு.

திங்கக்கிழமை ஆடிட்டர் சார் சொன்ன மாதிரி ஒரு பேப்பர் தயார் பண்ணினேன். யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியாமயே எழுதினது. என்ன என்ன செய்வேன், எது எது என் கைக்கு வரக் கூடாது, நான் போட்ட என்ட்ரியை யாரு எப்பப்பப் பார்க்கணும், எல்லாம். அதை எம்டிக்கு வாட்சப்ல போட்டேன், வேலை கேட்டு இல்லைங்க, நேரம் குடுத்ததுக்கு நன்றின்னு ஒரு வரியோட. ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

நேத்து காலைல அவரு கூப்பிட்டாரு. அக்கவுண்ட்ஸ்ல போர்டு ஒத்துக்காது, நானும் ஒத்துக்கலைன்னு நேராவே சொன்னாரு. ஸ்டோர்ஸ்ல ஒரு ஆள் வேணும், நூல், துணி உள்ள வர்றது, ஜாப் ஒர்க்குக்கு வெளிய போறது, டெலிவரி சலானையும் பில்லையும் ஒத்துப் பார்க்கறது. 22 ஆயிரம். ஆறு மாசம் பார்ப்போம், அதுக்கப்புறம் என்னன்னு இப்ப எதுவும் சொல்ல மாட்டேன்னாரு. எப்படி எடுத்தீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். "எங்க பீஸ் ரேட்டும் கேஷ்லதான் போகுது" ன்னாரு, வேற ஒண்ணும் சொல்லல.

38 எங்க, 22 எங்க. கரூர்ல ரூம் எடுத்துத் தங்கினா மிச்சம் எவ்வளவு நிக்கும்னு கணக்குப் போட்டேன், இங்க வாங்கற 14 விட ரெண்டாயிரமோ மூவாயிரமோதான் ஜாஸ்தி. வீட்ல போங்கங்கறா. ஒண்ணாம் தேதி சேரச் சொல்லியிருக்காங்க.

ஓவர்லாக் அண்ணா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு பழைய முதலாளி வீட்டு வரைக்கும் போனேனுங்க. கேட்டுக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன். உள்ள போக முடியல.

ஓவர்லாக்_ஓனர் | ஞாயிறு இரவு 10:05

இன்னொரு நாள் போங்க. போன் பண்ணிட்டுப் போகாதீங்க, வர வேண்டாம்னு சொல்லிருவாரு. காலைல ஏழு மணிக்கு யூனிட் திறக்கறதுக்கு முன்னாடி போங்க, நாங்கெல்லாம் அப்பத்தான் கொஞ்சம் மனுஷனா இருப்போம்.

சும்மா_படிக்க_வந்தவ | ஞாயிறு இரவு 10:20

அண்ணா அந்தப் பேப்பர்ல என்ன எழுதினீங்கன்னு முடிஞ்சா போடுங்க. லேப் வேலைக்கு அதே மாதிரி ஒண்ணு எழுத முடியுமான்னு அவர் கேக்கறார்.

பேரேடு41 | ஞாயிறு இரவு 10:45

நாளைக்கு டைப் பண்ணிப் போடறேனுங்க அம்மிணி. ஹெச்ஆர் அக்கா, ஒரே ஒரு சந்தேகம். பிஎஃப்புக்கு அந்தப் பழைய யுஏஎன் நம்பரேதானுங்களே? புதுசா எடுக்க முடியாதா? அதுல அந்தக் கம்பெனி பேரு வருமே.

ஹெச்ஆர்_அக்கா | ஞாயிறு இரவு 10:52

அதே நம்பர்தான், ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். பேர் வரும், வந்தா என்ன, இப்ப சொல்லியாச்சே. சேரறதுக்கு முன்னாடி ஆதார்லயும் பான்லயும் பேர் ஸ்பெல்லிங் ஒரே மாதிரி இருக்கான்னு பார்த்துட்டு கேஒய்சி முடிச்சு வைங்க, இனிஷியல் முன்னாடி பின்னாடி இருந்தா மாசக்கணக்குல இழுக்கும்.